மாதா கோயில் வாசலில் நான் தள்ளிய மனிதர்

பிள்ளைகளா, போன வாரம் மொட்டை மாடியில் நான் தாய்ச்சிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது சின்னவன் கேட்டான்: "யப்பா, இத வச்சி யாரையாவது ஒரு தடவ அடிச்சிருக்கியா?" நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள், "அப்பா கைய ஓங்கறதுக்குள்ள எதிராளி போயி டீ குடிச்சிட்டு வந்துடுவான்டா" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. வாயால் சொன்னால் நடுவில் கிண்டல் செய்து முடிக்க விடமாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தடவை இந்தத் தாய்ச்சி என்கிற சீனத்துச் சண்டைக் கலையை நான் நிஜமாக ஒருவர் மேல் பயன்படுத்தியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்த ஒரு சாயங்காலம், நம் புதுச்சேரி டவுனில் ஒரு மாதா கோயில் வாசலில். நான் தள்ளிய ஆள் ஒரு நோயாளி. அன்று அவர் மகளுக்குக் கல்யாணம். உங்களுக்குப் பரீட்சை இருந்ததால் நானும் உங்கள் அம்மாவும் மட்டும் போயிருந்தோம்.

முதலில் நான் இதற்குள் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வருஷக்கணக்காக மிஷின் முன்னால் நின்று நின்று முட்டி தேய்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, தொடைக்குப் பலம் ஏற்றினால்தான் முட்டி தாங்கும், காலையில் நடங்கள் என்றார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து வண்டியில் பீச்சுக்குப் போய், அங்கே நடக்க ஆரம்பித்தேன். அங்கேதான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். பத்துப் பேர் இருக்கும். எல்லாரும் இடுப்பளவு தண்ணீருக்குள் நடப்பதுபோல அசைந்துகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தது என்னைவிடச் சின்ன வயதுப் பெண். நர்ஸ். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், குடியிருந்த இடத்துக்குப் பக்கத்துப் பார்க்கில் ஒரு சீனத்து அம்மாவிடம் கற்றுக்கொண்டவர். திரும்பி வந்து இங்கே ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டு, காலையில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

நான் தினமும் நின்று வேடிக்கை பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒருநாள் கேட்டார், "நின்னு பாத்தா முட்டி சரியாவாதுண்ணா. வர்றீங்களா?"

"இது என்னா டீச்சர், யோகாவா?"

"சண்டை."

"இவ்ளோ மெதுவாவா?"

"என்னத் தள்ளுங்க, சொல்றேன்."

நான் அட்டைக் கட்டுகளை லாரியில் ஏற்றி இறக்கி வளர்ந்தவன். பெண் பிள்ளை ஆயிற்றே என்று பாதி பலத்தில் தள்ளினேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்று நினைத்து முட்டிய கதவு சும்மா சாத்தியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி முன்னால் போனேன். டீச்சர் என் சட்டையைப் பிடிக்காவிட்டால் கைப்பிடிச் சுவரில் நெற்றி பட்டிருக்கும். மறுநாளிலிருந்து நானும் அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

இதில் தனியாகச் செய்யும் அசைவுகள் ஒரு பக்கம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி, மாறி மாறித் தள்ளிப் பழகுவது இன்னொரு பக்கம். அதைக் கைதள்ளல் என்போம். சண்டைக்கான பாடம் அதில்தான் இருக்கிறது. எதிராளி எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கிறான், அடுத்து எந்தப் பக்கம் வருவான் என்பதை அவன் மணிக்கட்டு நமக்குச் சொல்லும். அவன் தள்ளும்போது எதிர்த்து நிற்காமல் இடம் கொடுத்து, அவன் பாரம் எங்கே தடுமாறுகிறதோ அங்கே லேசாகத் தொட்டால் போதும். சொல்ல லேசு. எனக்கு அது பிடிபடவே வெகுநாள் ஆனது.

அங்கே எனக்கு ஜோடியாக வந்து வாய்த்தவர்தான் இந்தக் கதையின் ஆள். டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எல்லாரும் டிரைவர் சார் என்போம். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள், மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, ஒரே மகள். அவருக்கு நடுக்குவாதம், டாக்டர்கள் பார்க்கின்சன் என்பார்கள். கை நடுங்குவதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அவரை வதைத்தது. மனசு போ போ என்னும், கால் வராது. கதவு வாசல், குறுகலான இடம், தரை மாறுகிற இடம், இங்கெல்லாம் இன்னும் மோசம். "வண்டி ஸ்டார்ட்ல இருக்குது தம்பி, கியர்தான் விழ மாட்டேங்குது" என்பார்.

மாத்திரையோடு உடம்புக்கு அசைவும் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வந்தவர். முதல் நாளே டீச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சீக்குக்காரனுக்குன்னு தனியா எதுவும் சொல்லித் தராதம்மா. சண்டை சொல்லித் தா."

மற்றவர்கள் அவரோடு கைதள்ளல் செய்யும்போது தள்ளுவதுபோலப் பாவனை செய்வார்கள். இன்னொரு கை அவர் முதுகுக்குப் பின்னால் தயாராக இருக்கும். எனக்கு அந்த நாசூக்கு தெரியாது. டீச்சர் சொன்ன ஒரே எச்சரிக்கையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அவரைத் தள்ளினேன். நேராகப் பின்பக்கம் தள்ளவே கூடாது, பின்னால் சாய்ந்தால் அவரால் நிறுத்திக்கொள்ள முடியாது, பக்கவாட்டில் மட்டும் தள்ளுங்கள் என்பதுதான் அது. அவர் என்னைத் திருப்பித் தள்ளினார். ஒருநாள் எனக்கு நிஜமாகவே கால் தடுமாறியது. குழந்தைபோலச் சிரித்தார்.

"டேய் பொட்டி" என்றார். அட்டைப்பெட்டி கம்பெனிக்காரன் என்பதால் அவருக்கு நான் பொட்டி. "நீ ஒருத்தன்தான்டா என்னத் தள்ளுற. மத்தவன்லாம் தாங்குறான்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் ஷிப்டு முடிந்து எவ்வளவு களைத்துப் படுத்தாலும் விடிந்ததும் பீச்சுக்கு ஓடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் மச்சான், அதாவது இறந்துபோன மனைவியின் தம்பி, தினமும் ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுவந்து விட்டு, பிறகு வந்து கூட்டிப்போவார். தங்கமான மனிதர். அக்கா போன பிறகு அத்தானைத் தன் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டவர். ஒருநாள் பயிற்சி முடிந்து கிளம்பும்போது நடைமேடையிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற இடத்தில் டிரைவர் சாருக்குக் கால் ஒட்டிக்கொண்டது. மச்சான் பதறிப்போய், "அத்தான், வாங்க, ஒரே ஒரு அடி, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். உடம்பு மட்டும் முன்னால் வந்தது, கால் அங்கேயே நின்றது. டிரைவர் சார் அப்படியே குப்புற விழுந்தார். முகவாய் கிழிந்து ரத்தம். மச்சான் அழுதுவிட்டார்.

காயத்தைத் துடைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார். "இழுக்கக் கூடாதுண்ணே. அவருக்கு ரெண்டு கால்லயும் சமமா வெயிட்டு நிக்கிது. வெயிட்டு நிக்கிற கால யாராலயும் தூக்க முடியாது. மொதல்ல ஒரு கால் வெறுமையாவணும்."

ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் சார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அதான் மச்சான். கிளட்ச் மிதிக்காம கியர் போட்டா பல்லுதான் ஒடையும்."

"உங்களுக்கு இப்பகூட நக்கலு" என்று மச்சான் மூக்கை உறிஞ்சினார். ஆனால் டீச்சர் சொன்னது அவர் மண்டையில் ஏறியதா என்று தெரியவில்லை. பயந்திருக்கிறவனுக்கு எதுவும் ஏறாது.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் வழக்கத்தில் பெண்ணை அப்பாதான் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நடத்திக் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அப்படி விழுந்த கதைக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி, அத்தான் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்காரட்டும், தாய்மாமன் நடத்திக் கூட்டிவரட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முந்நூறு பேர் முன்னால் மனிதர் விழுந்துவிடக் கூடாது என்ற கவலைதான்.

அதை என்னிடம் சொன்ன அன்று டிரைவர் சார் கைதள்ளல் செய்யவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்த ஊரு ஜனத்தயே ஏத்தி எறக்கனவன்டா நான். எம் பொண்ண அந்த வாசல்லருந்து பீடம்வரைக்கும் கொண்டுபோய் எறக்கி வுட முடியாதாம்" என்றார்.

சில நாள் கழித்து அவர் மகளே பீச்சுக்கு வந்தாள். சென்னையில் வேலை பார்க்கும் பெண். அப்பா என்னோடு கைதள்ளல் செய்வதை ஓரமாக நின்று பார்த்தாள். பிறகு டீச்சரிடமும் என்னிடமும் கேட்டாள். "எனக்கும் அப்பாகூட நடக்கத்தான் ஆசை அங்கிள். ஆனா விழுந்துட்டாருன்னா, அப்புறம் எங்கப்பாவுக்கு ஆயுசுக்கும் அதான நெனப்பு இருக்கும்? அவரால முடியுமா?"

டீச்சர் பொய் சொல்லவில்லை. "முடியலாம். முடியாமயும் போவலாம். இந்த நோய்க்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. ஆனா பழகலாம்."

பிறகு அப்பாவிடம் போய், "நீங்கதான் வர்றீங்க, மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். மச்சான் ஒத்துக்கொண்டார், ஆனால் சக்கர நாற்காலி வாசல் கதவுக்குப் பின்னால் தயாராக இருக்கும் என்ற நிபந்தனையோடு.

அதற்குப் பிறகு அவர் பழகியதைப் போல நான் வாழ்க்கையில் எவரும் எதையும் பழகிப் பார்த்ததில்லை. காலையில் எங்களோடு, மதியம் வீட்டு நடையில் தனியாக. ஒரு காலில் பாரத்தை முழுசாக இறக்கு, மற்ற கால் வெறுமையாகிறவரை காத்திரு, பிறகு வை. இந்த ஒன்றையேதான். அவரோடு மணிக்கட்டை ஒட்டி ஒட்டி எனக்கும் ஒன்று பிடிபட்டது. கால் ஒட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் அவர் மணிக்கட்டுக்குள் ஒரு படபடப்பு வரும். சிலிண்டர் தீரப்போகும்போது அடுப்பில் தீ படபடக்குமே, அதுபோல. அது வந்ததும் நான் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுவேன். அவர் எதிர்க்காமல் இடம் கொடுப்பார். பாரம் ஒரு காலுக்குப் போகும், மற்ற கால் கிளம்பிவிடும். "கிளட்ச்" என்பேன் நான். "போட்டாச்சு" என்பார் அவர்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பங்குச் சாமியாரிடம் கேட்டு, கோயிலுக்கே போய் நடந்து பார்த்தோம். பூசை முடிந்து ஆள் இல்லாத நேரம். வாசலைத் தாண்டி, நடுவழியாகப் பீடம்வரை ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தார். திரும்பி நின்று எங்களுக்குச் சல்யூட் அடித்தார். எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்துவிட்டது. வெறும் வாசலில் நடந்து பார்த்தோமே, ஆட்கள் நிறைந்த வாசல் வேறு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாண நாள் வந்தது. டீச்சருக்கு அன்று மாற்ற முடியாத டியூட்டி. மாதா கோயில் கல்யாணத்துக்கு அதுவரை போகாதவன் நான். நம் கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். சுற்றிப் பார்த்தால் எல்லாரும் ஷூவோடு போகிறார்கள். உங்கள் அம்மா, "மறுபடி மாட்டுங்க, எல்லாம் பாக்குறாங்க" என்றார். வெட்கப்பட்டு, கழற்றியது கழற்றியதுதான் என்று வெறுங்காலோடு கதவோரம் நின்றுகொண்டேன். பின்னால் அதுவே நல்லதாகப் போயிற்று.

கார் வந்து நின்றது. வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையுமாகப் பெண் இறங்கினாள். கறுப்புக் கோட்டில் டிரைவர் சார் காத்திருந்தார். அவள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பாடகர் குழு ஆரம்பித்தது, எல்லாரும் எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். வெளிமுற்றத்தை நன்றாகவே கடந்து வந்தார். நிலைப்படிக்கு வந்தார். வெளியே வெயில், உள்ளே இருட்டு, இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு ஆட்கள், முகத்துக்கு நேரே கேமரா விளக்கு.

நின்றுவிட்டார்.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. போட்டோவுக்காக நிற்கிறார் என்று நினைத்தார்கள். நான் அவர் குதிகாலைப் பார்த்தேன். ஷூ லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, எழும்பவில்லை. பெண் முகம் மாறியது. "அப்பா, மெதுவா, அவசரமில்ல" என்றாள் உதடு அசையாமல். பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மச்சான் பாய்ந்து வந்து வலது முழங்கையைப் பிடித்தார். "வாங்க அத்தான், ஒரே ஒரு அடி, வாங்க." அதே வார்த்தை. இழுக்கத் தொடங்கினார். டிரைவர் சாரின் உடம்பு முன்னால் சாய ஆரம்பித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து சக்கர நாற்காலியை யாரோ உருட்டும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவர் காதிலும் விழுந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டித் தேடினார். என்னைப் பார்த்தார்.

"பொட்டி" என்றார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிலைப்படிக்கு உள்பக்கம் அவருக்கு எதிரே போய் நின்றேன். "சார், தயவுசெஞ்சி கையை எடுங்க" என்று மச்சானிடம் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. "யாருங்க நீங்க, வழிய வுடுங்க, அவரு விழப்போறாரு" என்றார். அவருக்கு என்னைத் தெரியும், தினமும் பீச்சில் பார்க்கிறவர்தான். அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பெண்தான், "மாமா, வுட்டுடுங்க" என்றாள். அவள் சொன்ன விதத்தில் அவர் விட்டுவிட்டார்.

என் வலது மணிக்கட்டை உயர்த்தினேன். டிரைவர் சார் தன் வலது மணிக்கட்டை அதன்மேல் வைத்தார். கோட்டுக்கை வழியாகவே அந்தப் படபடப்பு தெரிந்தது, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு. ஒரு பங்கு கூட்டித் தள்ளினால் பின்னால் போய்க் கல்லில் மண்டை அடிபடும். ஒரு பங்கு குறைத்துத் தள்ளினால் ஒன்றும் நடக்காது, நாற்காலி வந்துவிடும். வெறுங்காலில் தரை நன்றாகப் பிடித்தது. அந்தக் குளிர்ச்சியை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"பாப்பா, அப்பாவப் புடிக்காத. சும்மா தூண் மாதிரி நில்லு" என்றேன்.

பிறகு அவரைத் தள்ளினேன். பக்கவாட்டில், அவர் இடது காலை நோக்கி, பீச்சில் தள்ளுவதுபோலவே.

பக்கத்தில் நின்றவர்கள் "யோவ்" என்றார்கள். ஒரு அம்மா, "கடவுளே, சீக்குக்காரரப் போயி தள்றானே" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது. டிரைவர் சார் எதிர்க்கவில்லை. எத்தனையோ காலையில் செய்ததுபோல இடுப்பைத் திருப்பி எனக்கு இடம் கொடுத்தார். பாரம் முழுக்க இடது காலில் இறங்கியதை என் மணிக்கட்டு கேட்டது. வலது ஷூ தரையிலிருந்து விடுபட்டது.

"கிளட்ச்" என்றேன்.

"போட்டாச்சுடா" என்றார். நிலைப்படியைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தார்.

நான் கையை எடுக்காமல், அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். அவர் முன்னால் வந்தார். மணிக்கட்டு ஒட்டியபடி, அவர் ஒரு அடி, நான் ஒரு அடி. கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் வெறுங்காலோடு ஒருவன் பின்னோக்கி நடந்துபோவதை அந்தக் கோயில் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். கொஞ்ச தூரத்தில் அவர் மணிக்கட்டில் படபடப்பு அடங்கிவிட்டது. அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? டீச்சர் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் சேர்த்து என்னை ஒரு தள்ளுத் தள்ளினார். நான் தடுமாறிப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் மடியில் உட்கார்ந்தேன்.

"தள்ளி நில்லுடா, போட்டாவுல விழுற" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். வலைக்குள் கண்ணீரும் ஓடியது. இரண்டு பேரும் பீடம்வரை நடந்தார்கள், ரொம்ப மெதுவாக. விஷயம் தெரியாதவர்கள் அது ஏதோ மரியாதைக்காக அப்படி நடக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். அவர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது, நான் உட்கார்ந்த மடிக்குச் சொந்தக்காரரான பெரியவர், "இப்பவாச்சும் எழுந்துக்கப்பா" என்று காதில் சொன்னார்.

பூசை முடிந்து பக்கத்து ஹாலில் சாப்பாடு. மச்சான் தேடிக்கொண்டு வந்தார். "நீங்க தள்ளுனத பாத்தப்போ எனக்கு உசிரே இல்ல. அடிச்சிருப்பேன் உங்கள" என்றார். பிறகு என் எதிரே நின்று தன் வலது கையை நீட்டினார். "எங்க தொடணும், எவ்ளோ தொடணும், சொல்லுங்க. எங்க அக்கா இருந்தா அதுதான் கத்துக்கிட்டிருக்கும்." பந்திக்கு நடுவில் நாங்கள் இருவரும் மணிக்கட்டை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இது நோயைக் குணமாக்கும் வித்தை என்று நான் சொல்லவில்லை. டிரைவர் சாருக்கு இப்போது நோய் கூடியிருக்கிறது. பீச்சுக்கு வருவதில்லை. நானும் மச்சானும் முறைபோட்டு அவர் வீட்டுக்குப் போகிறோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதள்ளல் செய்கிறார். போன ஞாயிறுகூட, "என்னாடா பொட்டி, சாப்புடலியா, தள்ளு" என்று திட்டினார்.

பிரியம் இருக்கிற இடத்தில்தான் நாம் அதிகமாக இழுக்கிறோம். மச்சானுக்கு இருந்தது பிரியம்தான். பெரியவளே, போன வருஷம் இனி காலேஜுக்குப் போகமாட்டேன் என்று நீ கட்டிலில் உட்கார்ந்துவிட்டாயே, அன்று என்னை மீறி என் கை உன் கையைப் பிடித்து இழுக்கத்தான் வந்தது. இழுக்காமல் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் பாரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். நீயாகத்தான் மறுவாரம் பஸ் ஏறினாய். உங்கள் அப்பனுக்கு அந்த வாசல் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான், நின்றுபோனவரை அவர் நிற்கிற இடத்துக்கே போய்த் தொட வேண்டும் என்பது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

அன்று சாப்பிடப் போவதற்கு முன்னால் செருப்பை எடுக்கக் கோயில் வாசலுக்கு நான் மட்டும் திரும்பிப் போனேன். எல்லாரும் ஹாலுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கீழே நசுங்கிய ரோஜா இதழ்கள் கிடந்தன. டிரைவர் சார் நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைத்து, அதை மாற்றாமலே வலது காலைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. நடுக்குவாதம் இல்லாத எனக்கே வரவில்லை. அங்கே அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, எதிரே யாரும் இல்லாத இடத்தில் என் மணிக்கட்டை உயர்த்தி வைத்துக்கொண்டு, பாரத்தை மெதுவாக இடது காலுக்கு இறக்கினேன். வலது கால் வெறுமையாகும்வரை காத்திருந்து, நிலைப்படியைத் தாண்டி உள்ளே வைத்தேன்.